வீட்டு ஓட்டு என்று ஒன்று கிடையாது

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. தேர்தலைப் பற்றிக் கருத்துக் கேட்கிற போன். பேசியது மனுஷி இல்லை, மெஷின். "உங்கள் பகுதியின் முக்கியமான பிரச்சினை எது என்று நினைக்கிறீர்கள்?" என்று தேன் தடவிய குரலில் கேட்டது. என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. எங்கள் ஊர்க் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வழிகிற தண்ணீரைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவேன். "எனக்கென்னங்க தெரியும்" என்று ஆரம்பித்தேன். "உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்று அது அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டது. இந்த ருக்மணிக்கு ஒன்றும் தெரியாது என்று எங்கேயோ எழுதிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

எங்கள் பழைய ஆபீஸ் வாட்சப் குழுவில் இதைப் போட்டேன். "அக்கா, இனிமே நம்ம ஆபீஸ்லயும் மெஷின்தான் பேசப்போவுது. நீங்க மனுசங்ககிட்ட எப்படிப் பேசினீங்கன்னு எழுதிக் குடுங்க, நாங்களாவது வெச்சிக்கறோம்" என்று அங்கே இன்னும் வேலை பார்க்கிற பிள்ளைகள் கேட்டார்கள். சரி, எழுதுகிறேன். பாடம் நடத்துவதற்காக இல்லை, எரிச்சல் தீருவதற்காக.

நான் ஓசூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவள். இந்தப் பக்கம் இது ஒரு பெருமையே இல்லை. தக்காளி விற்கிற பெண்ணே மூன்று பாஷையிலும் திட்டுவாள். மூக்கண்டப்பள்ளியில் ஒரு மோட்டார் உதிரி பாகக் கம்பெனியில் பல வருடம் நின்றுகொண்டே வேலை செய்தேன். இடுப்பு போன பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை தேடினேன். மூன்று பாஷை பேசுகிறவர்கள் வேண்டும் என்று ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் ஆள் எடுத்தது. தொழிற்பேட்டை ரோட்டில் ஒரு பேங்குக்கு மேலே இரண்டாவது மாடி. கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, தலையில் ஹெட்செட்டை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி ஓட்டுரிமையோடு இருக்கிற பல நாட்டுக்காரர்கள், தங்கள் அதிபர் தேர்தலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவரவர் பாஷையிலேயே கேட்க வேண்டும். ஸ்பானிஷ், சீனம், வியட்நாம் பாஷையெல்லாம் வேறு வேறு ஊரில் கேட்டார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எங்களுக்கு வந்தது. அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் நமக்கு விடிகாலை. பனியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் வேனுக்கு நிற்கும்போது ரோஜாப்பூ ஏற்றிய வண்டிகள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருக்கும். சூரியன் வருகிற நேரத்தில் நான் அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய இரவுச் சாப்பாட்டைக் கெடுத்துக்கொண்டிருப்பேன்.

அங்கே வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்து, இவர் தமிழராக இருக்கலாம், இவர் தெலுங்கராக இருக்கலாம் என்று ஊகித்துக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரே எண்ணைப் போடும். எடுத்தவர்களிடம் பட்டியலில் உள்ளவரின் பெயரைச் சொல்லி, அவர்தானா என்று கேட்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். எங்கள் இலவச எண்ணைக் கொடுத்து, உங்கள் பதில் யாருக்கும் சொல்லப்படாது என்று சொல்ல வேண்டும். நாம் எங்கிருந்து பேசுகிறோம் என்பதைச் சொல்லக் கூடாது. கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தட்ட வேண்டும், சுருக்கக் கூடாது. முக்கியமாக, "அப்படியா", "ஐயோ பாவம்", "சரியாச் சொன்னீங்க" எதுவும் வாயில் வரக் கூடாது. வெறும் "ம்". அந்த "ம்" கூட ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும்.

இந்த "ம்" விஷயத்தில் எங்கள் மேலாளர் கோபிநாத் சார் ஒரு ராட்சசன். திருச்சிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பத்தொன்பது வயசுப் பெண்ணைக்கூட "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். பின்னால் வந்து இன்னொரு ஹெட்செட்டைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்பார். பேசி முடித்ததும் பேனா மூடியைக் கழற்றி மேஜைமேல் நட்டமாக நிறுத்தினார் என்றால் நம் கதை முடிந்தது. "மேடம், ஒரு நிமிஷம். மூணாவது கேள்வியில ஒரு 'ம்' போட்டீங்க. அதுல நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்கன்னு எனக்கே தெரிஞ்சிபோச்சு" என்பார். ஆள் தேன் மாதிரி பேசுவார், நமக்கு அடுத்த 'ம்' போடவே பயமாக இருக்கும். ஆனால் தொழில் தெரிந்தவர். நான் கற்றது எல்லாம் அவரிடம்தான். அவரை எதிர்த்ததும் அதை வைத்துத்தான்.

அமெரிக்கா போன நம் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வாரத்திலேயே அது போயிற்று. கன்னடம் பேசுகிற ஒரு டாக்டர் வரியைத் தவிர வேறு எதையும் பேச மாட்டேன் என்றார். ஒரு தெலுங்கு நர்ஸ், பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் எப்படி மேஜைக்கு அடியில் ஒளிவது என்று தன் மகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அழுதார். நான் "ம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தானே விசாவில் வந்து குடியேறிய ஒருவர், இனிமேல் யாரும் உள்ளே வரக் கூடாது, கதவைச் சாத்த வேண்டும் என்றார். அவர் தம்பியோ, அதே வீட்டில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கிற மச்சானுக்கு விசா கிடைக்காததுதான் நாட்டின் முதல் பிரச்சினை என்றார். முட்டை விலை என்றவர்கள் உண்டு, தூர தேசத்துச் சண்டை என்றவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் சேர்த்து அங்கே டிவியில் "இந்தியர் ஓட்டு" என்று ஒரே வார்த்தையில் கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் என் மாமனார் ஞாபகம் வந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம், அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே "எங்க வூட்ல ஏழு ஓட்டு. ஏழும் உங்களுக்குத்தான், போங்க" என்றார். என் ஓட்டும் அந்த ஏழில் ஒன்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இது வழக்கம். ஓட்டு ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. பெரியவர் வாக்குக் கொடுத்தால் வீடு கொடுத்த மாதிரி. ஏழில் ஒன்று குறைந்தது என்பது என் மாமனாருக்குக் கடைசி வரை தெரியாது.

இந்த வழக்கம் எங்கள் ஹெட்செட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் அமெரிக்காவுக்குப் போன் போட்டு பட்டியலில் உள்ள அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். மகன் எடுத்து, "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க, எங்க வீட்ல எல்லாரும் இன்னாருக்குத்தான், எழுதிக்கங்க" என்பார். இவர்களும் "சரிங்கண்ணா" என்று எழுதிவிடுவார்கள்! திருட்டுத்தனம் இல்லை. வீட்டில் ஆண்பிள்ளை சொன்ன பிறகு மறுபடி அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். பெங்களூர்க் கிளையில் ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்கள். நாங்கள்தான் செய்வோம்.

கோபிநாத் சார் இதைக் கண்டுபிடித்ததும் அத்தனை பேரையும் கூட்டி வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "பட்டியல்ல யார் பேரோ அவங்க வாய்ல இருந்து வந்தாத்தான் அது பதில். மத்ததெல்லாம் வதந்தி." எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு ஆம்பிளை அதைச் சொல்லிக் கேட்டேன்.

கூடவே நான் ஒன்று கண்டுபிடித்தேன். அம்மாக்கள் லைனுக்கு வந்தால் முதல் வார்த்தை "எனக்கென்னம்மா தெரியும்" என்பதுதான். புதுப் பெண்கள் உடனே 'தெரியாது' என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அது பதில் இல்லை, தொண்டையைச் செருமிக்கொள்வது. நம் பெண்கள் அதைச் சொல்லாமல் கருத்துச் சொல்லவே மாட்டார்கள். அதைச் சொன்ன பிறகு நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், தானாக வரும்.

போன அதிபர் தேர்தல் சமயத்தில் என் பட்டியலில் வந்தவர்தான் மங்கம்மா. அது அவர் பெயர் இல்லை. ஊரையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். மகன்தான் எடுத்தார். வழக்கம் போல அதே பல்லவி. நானும் வழக்கம் போல, "உங்க பதில் வேணாம்ங்க, அவங்க பேர்தான் பட்டியல்ல இருக்குது" என்றேன். ஏமாற்றுக்காரர்கள் போன் செய்து வயதானவர்களிடம் பேங்கு விவரம் பிடுங்குகிறார்கள், அதனால்தான் பயம் என்றார். நியாயமான பயம். எங்கள் இலவச எண்ணைக் கொடுத்து, சரிபார்த்துக்கொண்டு பேசச் சொன்னேன். சரிபார்த்தார். பிறகு கொடுத்தார்.

"எனக்கென்ன கண்ணு தெரியும், வூட்டுல கெடக்கறவ" என்றார் மங்கம்மா.

நான் பேசாமல் இருந்தேன்.

"இருந்தாலும் கேக்கறியே, சொல்றேன். இந்த ஊர்ல பஸ்ஸு இல்ல. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு இங்க காலே இல்ல கண்ணு. பாரூர்ல இருந்தப்போ கரும்பு லாரிய கை காட்டி நிறுத்தி ஏறிப் போனவ நான். இங்க ஒரு கோயிலுக்குப் போவணும்னா சனிக்கெழம வரைக்கும் எம் பையன் மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்திருக்கணும். எவன் பஸ்ஸு வுடறேன்னு சொல்றானோ அவன்தான் எனக்கு ராஜா. எழுதிக்கினியா?"

"எழுதிக்கிட்டேன்ங்கம்மா."

"நீயும் எங்க கிருஷ்ணகிரி பக்கந்தானே?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்கம்மா."

"நீ சொல்லவே வேணாம். அந்த 'இல்லைங்கம்மா'லயே தெரிஞ்சிபோச்சி" என்று சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு "ம்" என்றேன். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்ற கேள்வி வந்ததும் அவர் குரல் இறங்கியது. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சொன்னார். அந்த நாட்டில் இதுதான் தன் முதல் ஓட்டு என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே தட்டினேன்.

மறுநாள் இலவச எண்ணுக்கு மகன் போன் செய்தார். அம்மா என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும் என்றார். சொல்ல முடியாது என்றார்கள். அப்படியானால் அம்மா குழம்பிப்போய் ஏதாவது சொல்லியிருப்பார், எங்கள் வீட்டில் எல்லாரும் இன்னாருக்குத்தான், அப்படியே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் மேல் புகார் கொடுப்பேன் என்றிருக்கிறார்.

கோபிநாத் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேனா மூடி ஏற்கெனவே மேஜைமேல் நட்டமாக நின்றது.

"மேடம், ஒரு நிமிஷம். மாத்தவெல்லாம் வேணாம். அந்தப் பதிலைத் தூக்கிடலாம். 'பதில் அளித்தவர் திரும்பப் பெற்றார்'னு உங்க லாகின்ல ஒரு டிக் போட்டுடுங்க. வேற ஒருத்தர்கிட்ட பேசிக்கலாம்."

"அவங்க திரும்பப் பெறலையே சார்?"

"பையன் கேக்கறாரே. அம்மா சார்பாத்தானே?"

"அப்போ ஓட்டையும் பையனே சார்பாப் போட்டுடட்டுமா சார்?"

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "புகார் போச்சுன்னா கிளையன்ட் இந்த வேலையையே நம்மகிட்ட இருந்து எடுத்துடுவான். வெளியில உக்காந்திருக்கறவங்களைப் பாருங்க. உங்க ஒருத்தர் வீம்புக்கு அத்தனை பேர் பொழப்பு போகணுமா?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லாரும் தெரிந்த முகம். பாதிப்பேர் நான் சொல்லிச் சேர்ந்தவர்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இடுப்பு வலியோடு வேறு எங்கே போய் வேலை கேட்பேன் என்ற பயமும் இருந்தது. ஆனால் நான் அந்த டிக்கைப் போட்டால், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து "ஏழும் உங்களுக்குத்தான்" என்று சொல்கிற ஆள் நான்தான்.

"பட்டியல்ல யார் பேரோ அவங்க வாய்ல இருந்து வந்தாத்தான் பதில், மத்ததெல்லாம் வதந்தின்னு நீங்கதான் சொன்னீங்க சார். மங்கம்மா போன் பண்ணி வேணாம்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் தூக்கறேன். பையன் சொல்றது வதந்தி. நான் டிக் போட மாட்டேன்."

"இது கடைசி வார்த்தையா?"

"ஆமாங்க சார்."

அவர் மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டினார். பிறகு என்னை லைனிலிருந்து எடுத்து, இலவச எண்ணுக்கு வருகிற அழைப்புகளை எடுக்கிற மூலை மேஜைக்குப் போட்டார். தண்டனைதான் அது. அந்த எண்ணுக்குத் திட்டுகிறவர்களைத் தவிர வேறு யாரும் போன் செய்ய மாட்டார்கள். வாரக் கடைசிக்குள் தலைமை ஆபீசுக்கு எழுதி முடிவு செய்வதாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்காரவே சிலர் தயங்கினார்கள். "அக்கா, ஒரு டிக் தானேக்கா" என்று ஒரு பெண் அழுகிற மாதிரி கேட்டாள். "உன் பேர்ல யாராவது டிக் போட்டா விடுவியா?" என்றேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு மூன்று நாள் திட்டு வாங்கினேன். ஒரு காலை, போனில் தமிழுக்கான விளக்கு எரிந்தது. எடுத்தேன். காற்று இரைச்சலும் வண்டிச் சத்தமுமாகக் கேட்டது.

"யாரு, அந்த 'இல்லைங்கம்மா' புள்ளயா?"

கையைத் தூக்கி கோபிநாத் சாரைக் கூப்பிட்டேன். வந்தார். ஹெட்செட்டைச் செருகிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எம் பையன் எழுதி வெச்ச நம்பரப் பாத்து, வெளிய இருந்து பேசறேன் கண்ணு. வூட்ல பேச முடியாது. நடந்தே மெயின் ரோட்டுக்கு வந்துட்டேன். இங்க பஸ்ஸு நிக்கற எடம்னு ஒரு கம்பம் நட்டு வெச்சிக்கறாங்க, பஸ்ஸுதான் வர்றதில்ல. அதும் பக்கத்துல நிக்கறேன். குளிரு ஆள உரிக்குது."

"சொல்லுங்கம்மா."

"எம் பையன் உங்களுக்குப் போன் பண்ணானாமே. நான் சொன்னத மாத்தச் சொன்னானாமே. மாத்திட்டியா?"

கோபிநாத் சார் பக்கத்தில் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"மாத்தலைங்கம்மா. நீங்க சொன்னது அப்படியே இருக்குது. வேணாம்னு நீங்க சொன்னா எடுத்துடறோம். நீங்க சொன்னா மட்டுந்தான்."

"நான் எதுக்கு வேணாம்னு சொல்லப் போறேன்? அப்புடியே இருக்கட்டும். அவன் நல்ல புள்ளதான், ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. அவங்கப்பன் எனக்கும் சேத்து ஓட்டுச் சொல்லிப் பழகினாரு, இவனும் அதையே புடிச்சிக்கினான். அவன் மறுபடி கேட்டா மட்டும் மாத்திட்டோம்னு சொல்லிடு கண்ணு. வூட்ல எதுக்குச் சண்ட."

"அவர்கிட்ட மாத்திட்டோம்னும் சொல்ல மாட்டோம், மாத்தலைன்னும் சொல்ல மாட்டோம்ங்கம்மா. ஒண்ணுமே சொல்ல மாட்டோம்."

"அது இன்னும் நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோபிநாத் சார் கண்ணைத் திறந்தார். மன்னிப்புக் கேட்கிற ஆள் அவர் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை. "பதில் அளித்தவரே உறுதி செய்தார்னு தலைமை ஆபீசுக்கு எழுதிடறேன் மேடம். நாளைக்கு லைனுக்கு வந்துடுங்க" என்றார். எழுதினார். எந்தப் புகாரும் எங்கேயும் போகவில்லை, யாருடைய வேலையும் போகவில்லை. அதற்கு அடுத்த கணிப்புக்கு வயதைக் காரணம் காட்டி என்னை எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இருந்தாலும் போய்க் கெஞ்சவில்லை.

கடைசியில் அறிக்கை வந்தபோது மங்கம்மாவின் பஸ்ஸை 'மற்றவை' என்ற மூட்டையில் போட்டிருந்தார்கள். அதற்கும் கத்தினேன், யாரும் கேட்கவில்லை. டிவியில் கோட் போட்டவர்கள் உட்கார்ந்து "இந்தியர் ஓட்டு எங்கள் பக்கம்", "இல்லை, எங்கள் பக்கம்" என்று சண்டை போட்டார்கள். கயிற்றுக் கட்டில் ஒன்றுதான் குறைச்சல். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் எங்கேயோ, குளிரில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியின் பதில் அவள் சொன்னபடியே இருக்கிறது. அதை எந்த மகனாலும் எந்த மேலாளராலும் எடுக்க முடியவில்லை. பிள்ளைகளே, மெஷினை உங்கள் நாற்காலியில் உட்கார வைக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். "எனக்கென்ன தெரியும்" என்று ஒருத்தி சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க அதற்கு முதலில் சொல்லிக் கொடுக்கட்டும்.

இதை எழுதி முடித்து என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். "எல்லாஞ் செரி, அந்தம்மா யாருக்குப் போடறேன்னு சொல்லிச்சி? அத எழுதாம வுட்டுட்டியே" என்றார்.

"உங்களக் கட்டிக்கிட்டு இத்தன வருசத்துல என்னுதையே உங்ககிட்டச் சொன்னதில்ல" என்றேன். "அவங்களுதையா சொல்லுவேன்?"